'நேத்துதானே டாக்டர் பார்த்தாரு?': குழந்தைகளுக்கு வரும் செப்சிஸை எப்படி அடையாளம் காண்பது?

சனிக்கிழமை இரவு. அக்காவின் இரண்டு வயது மகனை நீங்கள்தான் பார்த்துக்கொள்கிறீர்கள். அவனுக்கு வியாழக்கிழமை இரவிலிருந்து காய்ச்சல். வெள்ளிக்கிழமையே புளோக்குக்குக் கீழே உள்ள மருந்தகத்தில் காட்டியாயிற்று. "சாதாரணக் கிருமித்தொற்றுதான், மூணு நாள்ல சரியாயிடும்" என்று பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினார் மருத்துவர்.

இப்போது அவன் கார்ட்டூனைக்கூடப் பார்க்கவில்லை. பால் போத்தல் அப்படியே இருக்கிறது. மதியம் மாற்றிய டயப்பர் இன்னும் காய்ந்து கிடக்கிறது. உடம்பு கொதிக்கிறது, ஆனால் பாதம் மட்டும் சில்லென்று இருக்கிறது. பாட்டி தொட்டுப் பார்த்துவிட்டு, "புள்ள என்னமோ மாதிரி கிடக்கான்" என்கிறார். வாட்ஸ்அப்பில் அக்காவைக் கேட்டால் பதில் வருகிறது: "நேத்துதானே டாக்டர் பார்த்தாரு? நாளைக்குப் பார்ப்போம்."

நாளை வரை காத்திருக்கலாமா?

கூடாது. ஏன் கூடாது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம். காரணத்தின் பெயர், செப்சிஸ்.

செப்சிஸ் என்றால் என்ன?

உடலுக்குள் கிருமி நுழைந்தால் நம் நோய் எதிர்ப்பாற்றல் அதை எதிர்த்துப் போராடும். பெரும்பாலான நேரங்களில் அந்தச் சண்டை அளவோடு நடந்து முடிந்துவிடும். சில நேரங்களில் அது கட்டுமீறிப் போய், உடலின் சொந்த உறுப்புகளையே பாதிக்க ஆரம்பிக்கும். அதுதான் செப்சிஸ்.

அப்போது உள்ளே என்ன நடக்கிறது? ரத்தக் குழாய்கள் விரிந்து தளர்கின்றன. அவற்றின் சுவர் வழியாக நீர் வெளியே கசிகிறது. நுண்ணிய குழாய்களில் ரத்தம் கட்டிக்கொள்கிறது. மூளை, சிறுநீரகம், நுரையீரல், இதயம் எல்லாவற்றுக்கும் போகவேண்டிய ரத்தமும் ஆக்சிஜனும் குறைகின்றன. ரத்த ஓட்டமே ஈடுகொடுக்க முடியாத நிலைக்குப் போனால், அதை 'செப்டிக் ஷாக்' என்கிறார்கள்.

'ரத்தத்தில் விஷம் கலந்துவிட்டது' என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். செப்சிஸ் தனி நோய் இல்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. வேறொரு கிருமித்தொற்று மோசமாகிப் போய் நிற்கும் இடம் அது. நிமோனியா, சிறுநீர்ப் பாதைத் தொற்று, மூளைக்காய்ச்சல், வெடித்த குடல்வால், சீழ் பிடித்த காயம் என எதிலிருந்தும் அது தொடங்கலாம். பெரும்பாலும் பாக்டீரியாவால் வரும். சளிக்காய்ச்சல், டெங்கி போன்ற வைரஸ்களாலும் வரலாம்.

எவ்வளவு பெரிய பிரச்சினை?

2017ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 49 மில்லியன் பேருக்கு செப்சிஸ் ஏற்பட்டது, 11 மில்லியன் பேர் அது தொடர்பாக உயிரிழந்தனர் என்று 2020இல் 'தி லான்சட்' இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் சுமார் 20 மில்லியன் பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அந்த வயதில் மட்டும் ஏறக்குறைய 2.9 மில்லியன் மரணங்கள்.

ஏழை நாடுகளில்தான் பாதிப்பு மிக அதிகம். ஆனால் வசதியான நாடுகளிலும், நல்ல மருத்துவமனைகள் பக்கத்திலேயே இருந்தும், குழந்தைகள் இதற்குப் பலியாகிறார்கள். அப்படிப்பட்ட சம்பவங்களில் திரும்பத் திரும்பத் தெரியவரும் ஒரு விஷயம், தாமதம்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

பிறந்த சில வாரங்களே ஆன குழந்தைகள், குறைமாதத்தில் பிறந்தவர்கள், ஒரு வயதுக்கு உட்பட்டவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் சிறுவர்கள், மண்ணீரல் இல்லாதவர்கள், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். அதற்காக, "எங்க பிள்ளை நல்லா திடகாத்திரமா இருக்கான், அவனுக்கெல்லாம் வராது" என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளைக்கும் வரலாம்.

காய்ச்சல்மானியை மட்டும் நம்பலாமா?

வீட்டில் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் எல்லாரும் முதலில் கேட்பது, "டெம்பரேச்சர் எவ்ளோ?" என்றுதான். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் செப்சிஸைக் கண்டுபிடிக்க அது மட்டும் போதாது.

39.5 டிகிரி காய்ச்சலோடு விளையாடிக்கொண்டு, தண்ணீர் கேட்டு, அடம்பிடிக்கும் பிள்ளை ஓரளவு நல்ல நிலையில் இருக்கலாம். 37.8 டிகிரியோடு துவண்டு கிடக்கும் பிள்ளை ஆபத்தில் இருக்கலாம். செப்சிஸ் வந்த சில குழந்தைகளுக்கு, குறிப்பாகப் பிறந்த குழந்தைகளுக்கு, உடல் வெப்பம் 36 டிகிரிக்குக் கீழே இறங்குவதும் உண்டு.

இன்னொன்று: பாராசிட்டமால் கொடுத்ததும் காய்ச்சல் இறங்கிவிட்டதா? நல்லது. ஆனால் அதை வைத்து 'பெரிதாக ஒன்றும் இல்லை' என்று முடிவு கட்ட முடியாது. காரணம் எதுவாக இருந்தாலும் அந்த மருந்து காய்ச்சலைக் குறைக்கக்கூடும். காய்ச்சல் இறங்கிய பிறகு பிள்ளை எப்படி இருக்கிறான் என்று பாருங்கள். எழுந்து உட்கார்ந்து சிரிக்கிறானா, அல்லது அப்போதும் சோர்ந்தே கிடக்கிறானா?

உடனே உதவி தேடவேண்டிய அறிகுறிகள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலே போதும். எல்லாம் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

• எழுப்புவது கடினமாக இருக்கிறது, அல்லது எழுந்தாலும் உடனே துவண்டுவிடுகிறது
• வழக்கத்துக்கு மாறாகக் குழம்பிப் பேசுகிறது, உங்களை அடையாளம் தெரியாததுபோல் பார்க்கிறது
• மிக வேகமாக மூச்சு விடுகிறது, முனகுகிறது, மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையில் குழி விழுகிறது
• தோல் வெளிறி, நீலம் பாரித்து, அல்லது திட்டுத் திட்டாகத் தெரிகிறது
• உடம்பு சூடாக இருந்தும் கைகால் சில்லிட்டுப் போயிருக்கிறது, அல்லது உடம்பே வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கிறது
• அழுத்தினாலும் மறையாத சிவப்பு அல்லது ஊதா நிறப் புள்ளிகள்
• வலிப்பு
• பால், தண்ணீர் எதையும் குடிக்க மறுக்கிறது, அல்லது திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிறது
• பல மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் அவர்களே சொல்வார்கள்: "கால் ரொம்ப வலிக்குது", "நிக்க முடியல", "எனக்கு என்னமோ பண்ணுது". அதை அலட்சியப்படுத்த வேண்டாம்.

எழுப்ப முடியாமல் இருந்தால், மூச்சு விடச் சிரமப்பட்டால், உதடு நீலமானால், வலிப்பு வந்தால், மறையாத புள்ளிகள் தெரிந்தால், சிங்கப்பூரில் 995ஐ அழையுங்கள். மலேசியாவில் 999. மற்ற அறிகுறிகளுக்கு நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். சிங்கப்பூரில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் குழந்தைகளுக்கென்றே 24 மணி நேர அவசர சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன.

முக்கியமான விதிவிலக்கு: மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால், வேறு எந்த அறிகுறியும் தேவையில்லை. அன்றே, அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இரவு 2 மணியாக இருந்தாலும் சரி.

நம் தோல் நிறத்தில் எங்கே பார்ப்பது?

இணையத்தில் செப்சிஸ் என்று தேடினால் வரும் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல்தான் இருக்கும். அதில் வெளிறல், நீலம், சிவப்புப் புள்ளி எல்லாம் பளிச்சென்று தெரியும். மாநிறத்திலும் கறுத்த நிறத்திலும் அவ்வளவு எளிதாகத் தெரியாது.

அதனால் இந்த இடங்களைப் பாருங்கள்: உதடு, நாக்கு, ஈறு, உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம். வெளிச்சம் நன்றாக இருக்கட்டும். புள்ளிகள் தெரிந்தால், கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். கண்ணாடி வழியாகப் பார்க்கும்போதும் புள்ளிகள் மறையாமல் இருந்தால், அது அவசரநிலை.

புள்ளிகள் இல்லாவிட்டால் ஆபத்து இல்லை என்று அர்த்தமா? இல்லவே இல்லை. செப்சிஸ் வரும் பல குழந்தைகளுக்குப் புள்ளிகளே வருவதில்லை.

மூச்சை எப்படி எண்ணுவது?

இதற்குக் கைப்பேசியில் உள்ள டைமர் போதும். குழந்தை அழாமல் இருக்கும்போது, சட்டையை விலக்கி, நெஞ்சோ வயிறோ ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி வேகமான மூச்சு என்பது இதுதான்:

• 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை: நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல்
• 2 முதல் 11 மாதம்: 50 அல்லது அதற்கு மேல்
• 1 முதல் 5 வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்

கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இருக்கும். பெரியவர்களின் விரலுக்குச் செய்த கருவி குட்டி விரலில் சரியாக உட்காராது. அது '98' என்று காட்டினாலும், பிள்ளை துவண்டு கிடந்தால் பிள்ளையைத்தான் நம்பவேண்டும்.

'டாக்டர்தான் பார்த்துட்டாரே!'

இனி நம் முதல் கதைக்கு வருவோம். அந்த மருத்துவர் தவறு செய்தாரா? அப்படிச் சொல்ல முடியாது. செப்சிஸின் ஆரம்பம் சாதாரணக் காய்ச்சல் மாதிரியேதான் இருக்கும். காய்ச்சலோடு மருந்தகத்துக்கு வரும் குழந்தைகளில் பெரும்பாலானோருக்குத் தானாகவே சரியாகும் வைரஸ் தொற்றுதான். வெள்ளிக்கிழமை பார்த்தபோது அவன் உண்மையிலேயே நன்றாக இருந்திருக்கலாம். சனிக்கிழமை இரவு அவன் வேறு பிள்ளை.

இன்னொரு காரணமும் உண்டு. குழந்தையின் உடல் நீண்ட நேரம் சமாளிக்கும். இதயம் வேகமாகத் துடித்து, கைகாலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, முக்கிய உறுப்புகளைக் காப்பாற்றப் பார்க்கும். அதனால்தான் பாதம் சில்லிடுகிறது. குழந்தைகளுக்கு ரத்த அழுத்தம் கடைசிக் கட்டத்தில்தான் குறையும். குறைய ஆரம்பித்தால் நிலைமை சட்டென்று மோசமாகிவிடும்.

நியூயார்க்கில் 2012ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். ரோரி ஸ்டான்டன் என்ற 12 வயதுச் சிறுவன் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் விழுந்ததில் கையில் சிராய்ப்பு. மறுநாள் கடும் காய்ச்சல், வாந்தி, கால்வலி. மருத்துவரிடம் காட்டினார்கள். மருத்துவமனை அவசரப் பிரிவுக்கும் போனார்கள். வயிற்றுக் கோளாறு என்று கருதி வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரிய தொற்று இருப்பதைக் காட்டிய ரத்தப் பரிசோதனை முடிவுகள், அவன் வீட்டுக்குப் போன பிறகுதான் வந்தன. ஏப்ரல் 1ஆம் தேதி ரோரி இறந்துபோனான்.

அவனுடைய பெற்றோர் விடாமல் குரல் கொடுத்தார்கள். செப்சிஸை விரைந்து கண்டறிந்து சிகிச்சை தர ஒவ்வொரு மருத்துவமனையும் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று 2013இல் நியூயார்க் மாநிலம் விதி கொண்டுவந்தது. 'ரோரியின் விதிகள்' என்றே அதற்குப் பெயர். அதன் பிறகு 54 மருத்துவமனைகளில் 1,179 சிறுவர்களைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. ரத்தப் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பது, ஆன்டிபயாடிக் கொடுப்பது, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவது ஆகிய மூன்றும் ஒரு மணி நேரத்துக்குள் நடந்த சிறுவர்களுக்கு, இறப்புக்கான சாத்தியம் சுமார் 40 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆனால் நால்வரில் ஒருவருக்குத்தான் அந்த ஒரு மணி நேரத்துக்குள் மூன்றும் கிடைத்தன.

இங்கிலாந்தில் 2021இல் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி, சைக்கிளிலிருந்து விழுந்து கணையத்தில் காயம்பட்டு மருத்துவமனையில் இருந்தபோது செப்சிஸால் இறந்தாள். பெற்றோர் தங்கள் கவலையைச் சொல்லியும் அவள் உரிய நேரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்படவில்லை. மாற்றியிருந்தால் பிழைத்திருக்கக்கூடும் என்று மரண விசாரணையில் தெரியவந்தது. இப்போது அங்கே 'மார்த்தாவின் விதி' நடைமுறைக்கு வந்துள்ளது. பிள்ளையின் நிலை மோசமாவதாக நினைத்தால், வேறொரு மருத்துவக் குழு வந்து பார்க்கவேண்டும் என்று குடும்பத்தார் கேட்கலாம்.

இரண்டு கதைகளும் சொல்வது ஒன்றே. ஒருமுறை மருத்துவர் பார்த்தது, அந்த நேரத்து நிலைமைக்குத்தான் பதில். பிள்ளை மோசமானால் திரும்பப் போகலாம். அதே இரவில் இரண்டாவது தடவையாகவும் போகலாம். யாரும் உங்களைத் தவறாக நினைக்கமாட்டார்கள். நினைத்தாலும் பரவாயில்லை.

பாட்டி சொல்வதை மருத்துவரிடம் எப்படிச் சொல்வது?

பல தமிழ்க் குடும்பங்களில் பகலில் குழந்தையோடு இருப்பது பாட்டியோ தாத்தாவோதான். மாற்றத்தை முதலில் கவனிப்பவர்களும் அவர்களே. அவர்கள் தமிழில் சொல்வார்கள். மருத்துவமனையில் தாதியர் ஆங்கிலத்தில் கேட்பார்கள். நடுவில் நிற்பது நீங்கள்.

"துவண்டு கிடக்கான்" என்பதை வெறும் 'டயர்ட்' என்று சொல்லிவிடாதீர்கள். விளையாடிக் களைத்த பிள்ளையும் 'டயர்ட்'தான். தூக்கினால் தலை தொங்குகிறதா, கூப்பிட்டால் கண் திறப்பதில்லையா, அதை அப்படியே சொல்லுங்கள். 'லெதார்ஜிக்', 'ஃப்ளாப்பி' போன்ற சொற்களைக் கேட்டால் தாதியர் உடனே கவனிப்பார்கள். "மூச்சு வாங்குது" என்றால் நீங்கள் எண்ணிய எண்ணிக்கையைச் சொல்லுங்கள். "சரியா குடிக்கல" என்றால் வழக்கமாக எவ்வளவு குடிப்பான், இன்று எவ்வளவு குடித்தான் என்று சொல்லுங்கள். கடைசியாக எப்போது டயப்பர் நனைந்தது, என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் கைப்பேசியில் குறித்து வைத்திருங்கள்.

பிறகு ஒரே ஒரு கேள்வி: "டாக்டர், இது செப்சிஸா இருக்க வாய்ப்பு இருக்கா?" மரியாதையாகக் கேட்டால் போதும். வீட்டுக்கு அனுப்பினால், "என்ன நடந்தா நாங்க திரும்ப வரணும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையில் என்ன நடக்கும்?

முதலில் நாடித்துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம், வெப்பநிலை, ஆக்சிஜன் அளவு எல்லாம் பார்ப்பார்கள். தோலைச் சில விநாடி அழுத்திவிட்டு, நிறம் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் பார்ப்பார்கள். வழக்கமாக 2 விநாடிக்குள் திரும்பிவிடும். தாமதமானால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது என்று பொருள்.

செப்சிஸ் சந்தேகம் வந்தால் பல வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும்:

• தேவைப்பட்டால் ஆக்சிஜன் கொடுப்பார்கள்.
• நரம்பில் ஊசி போடுவார்கள். நரம்பு கிடைக்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் ஊசி போட்டு மருந்து செலுத்துவார்கள். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் உயிர் காக்கும் வழி அது.
• எந்தக் கிருமி என்று அறிய ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை அளவையும், திசுக்களுக்கு ஆக்சிஜன் போதவில்லை என்பதைக் காட்டக்கூடிய லாக்டேட் அளவையும் பார்ப்பார்கள்.
• பலவகை பாக்டீரியாக்களைத் தாக்கும் ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். செப்டிக் ஷாக் என்றால் ஒரு மணி நேரத்துக்குள்ளும், ஷாக் இல்லாத செப்சிஸ் என்றால் மூன்று மணி நேரத்துக்குள்ளும் கொடுக்கவேண்டும் என்கின்றன 2020இல் வெளிவந்த அனைத்துலக வழிகாட்டிக் குறிப்புகள்.
• திரவம் ஏற்றுவார்கள். ஒரு தடவைக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 20 மில்லிலிட்டர். 12 கிலோ பிள்ளைக்கு 120 முதல் 240 மில்லிலிட்டர். ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் திரும்பப் பரிசோதிப்பார்கள்.
• அப்படியும் ரத்த ஓட்டம் சீராகாவிட்டால் அட்ரினலின், நார்அட்ரினலின் போன்ற மருந்துகள், தீவிர சிகிச்சைப் பிரிவு, சிலருக்குச் செயற்கைச் சுவாசக் கருவி.
• சீழ்க்கட்டியோ வெடித்த குடல்வாலோ காரணம் என்றால் அதை அகற்ற அறுவை சிகிச்சை.

'ஏன் டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா டிரிப் போடுறாங்க?' என்று தோன்றலாம். அதற்கும் காரணம் இருக்கிறது. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் 3,000க்கும் அதிகமான குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2011இல் வெளியானது. தீவிர சிகிச்சை வசதி இல்லாத இடங்களில், வேகமாக நிறையத் திரவம் ஏற்றப்பட்ட குழந்தைகளிடையே மரணம் அதிகமாக இருந்தது. அதனால்தான் பிள்ளையைப் பார்த்துப் பார்த்து அளவை முடிவு செய்கிறார்கள்.

ரத்தப் பரிசோதனையில் கிருமி எதுவென்று தெரிய ஓரிரு நாள் ஆகலாம். தெரிந்ததும் அதற்கேற்ற மருந்துக்கு மாற்றுவார்கள்.

'ஃபீனிக்ஸ்' என்ற சொல் காதில் விழுந்தால், அது 2024 ஜனவரியில் வெளியான புதிய அளவுகோல். நுரையீரல், இதயமும் ரத்த ஓட்டமும், ரத்தம் உறையும் தன்மை, மூளை ஆகிய நான்கின் நிலைக்கு மதிப்பெண் போட்டு, குழந்தைக்கு செப்சிஸ் இருக்கிறதா என்று வரையறுக்கிறார்கள். அது மருத்துவர்களின் வேலை. உங்கள் வேலை, பிள்ளையை நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது.

வீட்டுக்கு வந்த பிறகு?

சரியான நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்து, நன்றாகத் தேறிவிடுவார்கள். சிலருக்குக் களைப்பு, தூக்கக் கோளாறு, பயம், படிப்பில் கவனக் குறைவு போன்றவை மாதக்கணக்கில் இருக்கலாம். பள்ளிக்குத் திரும்பியதும் பழையபடி ஓடவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாலர் பள்ளி அல்லது பள்ளி ஆசிரியரிடம் நடந்ததைச் சொல்லிவையுங்கள்.

தடுக்க முடியுமா?

எல்லாவற்றையும் தடுக்க முடியாது. ஆனால் நிறையக் குறைக்கலாம். சிங்கப்பூரின் தேசியச் சிறார் தடுப்பூசி அட்டவணையில் நிமோகாக்கஸ், ஹிப், தட்டம்மை, சின்னம்மை, சளிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள் உள்ளன. செப்சிஸுக்கு இட்டுச்செல்லும் பல தொற்றுகளை அவை தடுக்கின்றன. தவணை தவறியிருந்தால் பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ கேளுங்கள்.

காயம் பட்டால் ஓடும் தண்ணீரில் கழுவி மூடிவையுங்கள். சுற்றிலும் சிவந்து பரவினால், வீங்கி வலித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். போன தடவை மிச்சம் இருந்த ஆன்டிபயாடிக்கை மட்டும் எடுத்துக் கொடுக்காதீர்கள். வைரஸ் காய்ச்சலுக்கு அது வேலை செய்யாது. தேவையில்லாமல் சாப்பிட்டால், உண்மையிலேயே தேவைப்படும் நாளில் கிருமி அந்த மருந்துக்கு அடங்காமல் போகலாம்.

அந்தச் சனிக்கிழமை இரவுக்குத் திரும்புவோம். பாட்டி நெற்றியில் விபூதி பூசட்டும், திருஷ்டியும் சுற்றட்டும். அதற்குள் நீங்கள் மூச்சை எண்ணி, பாதத்தைத் தொட்டுப் பார்த்து, டாக்சிக்குச் சொல்லிவிடுங்கள். எழுப்பியும் எழவில்லை என்றால் டாக்சி வேண்டாம், 995. அக்காவுக்கு இப்படிப் பதில் அனுப்புங்கள்: "நேத்து பார்த்தது நேத்து இருந்த புள்ளைய. இன்னைக்கு வேற மாதிரி இருக்கான். நாங்க கிளம்பிட்டோம், நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு."

போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை என்று தெரியலாம். இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டு, தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வருவீர்கள். வரட்டுமே. நமக்கு வேண்டியதும் அதுதானே?